கல்லைத் தட்டிப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒருவர், டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரிலுள்ள கதீட்ரல் பீக் சிகரத்துக்கு நடந்தே போய்வர முடியுமா என்று கேட்டிருந்தார். 3004 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு நடைபாதை உண்டு, கடைசிப் பகுதியில் மட்டும் கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும் என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு பையை நிறைத்துவிட்டன. ஆகவே இம்மாதம் முழுவதும் கயிறு கட்டிப் பாறை ஏறுவதைப் பற்றிய கேள்விகளுக்கே இடம். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*உள்ளரங்கச் சுவரில் எட்டு மாதமாக ஏறிப் பழகுகிறேன். 19ஆம் தரம்வரை வந்துவிட்டேன். உண்மையான பாறையில் எங்கே தொடங்குவது? நேராக டிராக்கன்ஸ்பர்க் போய்விடலாமா?*
— வாசகர், சாட்ஸ்வொர்த்

தம்பி, டிராக்கன்ஸ்பர்க் இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைக் கீழே பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகருக்கு எழுதியிருக்கும் பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில், இஞ்சாங்கா அருகே, ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் மான்டிசீல் பாறைகளில்தான் நம் பக்கத்து ஏறுநர்கள் பலர் அரிச்சுவடி படித்தார்கள். மணற்கல் பாறை; பெரும்பாலான வழிகள் ஒரு கயிறு நீளத்துக்குள் முடிந்துவிடும். மேலே நடந்துபோய், உறுதியான மரத்திலோ பாறையிலோ கயிற்றைக் கட்டி, அதைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டும் ஏறிப் பழகலாம்.

உங்கள் 19ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்த நாட்டில் வழிகளின் கடினத்தை எண்ணால் குறிக்கிறோம். முன்பு ஏ முதல் எச் வரை எழுத்துகள் இருந்தன. எழுத்தோ எண்ணோ, அது ஏறுவது எவ்வளவு கடினம் என்று சொல்லுமே தவிர, கையில் பிடித்த கல் மலையோடு ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. உள்ளரங்கத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. வண்ணப் பிடிகளை யாரோ திருகி முடுக்கி வைத்திருக்கிறார்கள். வார்விக் அதிகாலைச் சந்தையில் பலாப்பழம் வாங்கும் நம் பெண்கள் பழத்தைத் தட்டிப் பார்த்து, அந்த ஒலியை வைத்தே உள்ளே சுளை பழுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். பாறையிலும் செய்ய வேண்டியது அதுவே. உள்ளங்கையின் அடிப்பகுதியால் பிடியைத் தட்டுங்கள். மலையோடு ஒட்டிய கல் கைக்குத்தான் வலிக்கும், ஒலி எழுப்பாது. பிரிந்து நிற்கும் கல் பொள்ளென்று ஒலிக்கும். அதிர்வு சில வேளை பக்கத்துக் கல்லில் ஊன்றியிருக்கும் மறு கைக்கும் வந்து சேரும். அப்படி வந்தால் அந்தக் கல்லை இழுக்காதீர்கள். வேறு பிடியே இல்லையென்றால் கீழ்நோக்கி அழுத்தி மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. வெளிப்பாறையில் முன்னால் ஏறுபவர், விழுந்தால் தாங்குவதற்காகப் பிளவுகளில் தாமே காப்புக் கருவிகளை வைத்து, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டிய வழிகளே அங்கு அதிகம். கம்பி வளையம் கோத்த உலோக ஆப்பை நட் என்கிறோம். பிளவு குறுகும் இடத்தில் அதை இறக்கி இழுத்தால் இறுகிக்கொள்ளும். பிளவின் இரு பக்கமும் இணையாகப் போனால் நட் நிற்காது. அங்கே வில்விசையால் விரியும் கேம் தேவை. ரே ஜார்டின் வடிவமைத்து 1978இல் கடைக்கு வந்த அந்தக் கருவிக்குப் பிறகுதான் அத்தகைய பிளவுகள் ஓரளவு நிம்மதியோடு ஏறக்கூடியவை ஆயின. இவற்றைக் கற்க நான் சொல்லும் வழி எளியது: முதல் பத்து முறை அனுபவமுள்ளவர் பின்னால் இரண்டாம் ஆளாக ஏறுங்கள். அவர் வைத்துப்போன கருவிகளைக் கழற்றுவது உங்கள் வேலை. தொட்டவுடன் கையோடு வந்துவிடும் நட்டையும், கால்மணி நேரம் போராடியும் அசையாத நட்டையும் உங்கள் விரலாலேயே அறிந்த பிறகு, 12ஆம் தரத்தில் ஒரு வழியை நீங்கள் முன்னால் ஏறிப் பாருங்கள். 19 எங்கும் ஓடிவிடாது.

*என் மகன் ஞாயிறுதோறும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். என் விரல் பருமன்கூட இல்லாத அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆவது? கேட்டால் சிரிக்கிறான்.*
— வாசகி, ஃபீனிக்ஸ்

அம்மா, அவர் சிரித்திருக்கக் கூடாது. இது சரியான கேள்வி. அந்தக் கயிறு கிணற்றுக் கயிறு போன்றதன்று. உள்ளே நைலான் இழைகளாலான மையமும், வெளியே பின்னிய உறையும் கொண்டது. விழுபவரைத் திடீரென்று நிறுத்தாமல், நீண்டு கொடுத்து மெல்ல நிறுத்துவதற்காகவே அதை அப்படி நெய்கிறார்கள். தரச் சோதனையில் ஒற்றைக் கயிற்றின் நுனியில் 80 கிலோ எடையைக் கட்டி, மிகக் கடுமையான விழுகையாக மீண்டும் மீண்டும் போடுகிறார்கள். குறைந்தது 5 முறை அறாமல் தாங்க வேண்டும். முதல் முறை விழும்போது எடைமேல் வரும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. கட்டி இழுக்கப் பயன்படும் நீளாக் கயிற்றை இந்த வேலைக்குப் பயன்படுத்தினால், கயிறு அறாவிட்டாலும் இடுப்பு தாங்காது.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார் என்பதைவிட, அந்த விழுகையைத் தாங்க எவ்வளவு கயிறு வெளியே இருக்கிறது என்பதே முக்கியம். விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வரும் எண்ணை விழுகைக் காரணி என்பார்கள். மகன் 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது, கடைசியாக வைத்த நட்டுக்கு 2 மீட்டர் மேலிருந்து விழுந்தால் 4 மீட்டர் விழுவார், காரணி 0.2. பாதி மலையில் ஒரு விளிம்பில் நண்பர் கயிறு பிடித்து நிற்க, அங்கிருந்து 2 மீட்டர் மட்டும் ஏறி, நட் எதுவும் வைக்காமல் விழுந்தாலும் அதே 4 மீட்டர்தான். ஆனால் தாங்குவதற்கு இருப்பது 2 மீட்டர் கயிறே என்பதால் காரணி 2. இதற்கு மேல் கடுமையான விழுகை பாறையேற்றத்தில் இல்லை. ஆகவே நண்பரை விட்டுப் புறப்பட்டதும் எவ்வளவு விரைவில் முதல் நட்டை வைக்கிறாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் சிரிக்க மாட்டார்.

விழும் பாரத்தால் மட்டும் நல்ல கயிறு அறுவது மிக மிக அரிது. கூரான பாறை விளிம்பின்மேல் இழுபட்டால் அறும். கார் பாட்டரியின் அமிலம் பட்டால், கண்ணுக்கு எதுவும் தெரியாமலேயே வலுவிழக்கும். கயிற்றைக் கார் டிக்கியில் வெறுமனே போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் கண்டியுங்கள். அதைவிட அதிகமாக ஆட்களைக் கொல்வது கவனக்குறைவு. உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில், 1989இல் பிரான்சின் புவூ பாறையில் முடிச்சைப் பாதி கட்டிய நிலையில் வேறு பேச்சில் ஈடுபட்டு, அப்படியே மேலேறி, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது ஏறக்குறைய 25 மீட்டர் விழுந்தார். ஒரு மரம் அவரைக் காப்பாற்றியது. எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கோத்துவிட்டு, ஃபிளாஸ்கில் இருந்த தேநீரைப் பற்றிப் பேசியபடியே பாறையில் கை வைத்தேன். கயிறு பிடித்திருந்த நண்பர் ஒன்றும் பேசாமல் என் இடுப்பை விரலால் சுட்டிக் காட்டினார். முடிச்சின் முதல் சுற்று மட்டுமே இருந்தது. அன்று முதல் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்க்காமல் நாங்கள் இருவரும் தரையை விட்டுக் கால் எடுப்பதில்லை. உங்கள் மகனும் நண்பரும் அப்படிச் செய்கிறார்களா என்று ஒரு ஞாயிறு நேரில் போய்ப் பாருங்கள்; சாப்பாடு கொண்டுபோனால் வரவேற்பு பலமாக இருக்கும்.

*தென்னாப்பிரிக்காவில் பனிக்கட்டியில் ஏறுகிறார்களாமே? நம் ஊர் வெயிலில் இது நம்பும்படியாக இல்லை.*
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நம்புங்கள் ஐயா. உங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் நடக்கிறது. உயரம் கூடக்கூட, 1000 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். டர்பன் கடற்கரையில் ஜூலை மாதம் ஒரு சட்டையோடு நடக்கும் அதே நாளில், 3000 மீட்டருக்கு மேல் நிற்கும் டிராக்கன்ஸ்பர்க் விளிம்பில் இரவு உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். நம் பக்கத்தில் குளிர்காலம் வறண்ட காலம். மேலிருந்து பெரும் பனி கொட்டி மலை வெண்மையாவது ஆண்டில் சில நாட்கள்தான். ஏறுவதற்கு உதவுவது அந்தப் பனியன்று. கோடை மழையைக் குடித்த மலை, இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக நீரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். நிழல் விழும் இடுக்குகளில் அந்தக் கசிவு உறைந்து, மெழுகு வழிந்து தடித்தது போல் பனிக்கட்டி அருவியாக நிற்கும். ஜயண்ட்ஸ் காசில் பகுதியிலும், சானி கணவாயின் மேற்பகுதியிலும் இதைத் தேடிப் போகிறார்கள். நல்ல ஆண்டில் ஜூலையிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை கிடைக்கும். வெப்பமான ஆண்டில் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான்.

ஐரோப்பியப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். அங்கே நிழல் பக்கம் வடக்கு. நம் வானத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், இங்கே நிழல் பக்கம் தெற்கு. தெற்கு பார்த்த இடுக்கில்தான் கட்டி நிலைக்கும். வடக்கு பார்த்ததில் காலை பத்து மணிக்கே சொட்டத் தொடங்கிவிடும்.

பூட்ஸில் முள்தட்டு மாட்டி, இரு கையிலும் பனிக்கோடரி பிடித்து ஏற வேண்டும். தட்டிக் கேட்கும் வேலை இங்கேயும் உண்டு. கோடரியின் அலகு நல்ல கட்டியில் ‘தக்’கென்று இறங்கி நிற்கும். மிகக் குளிர்ந்த, வறண்ட கட்டி தட்டுத் தட்டாக உடைந்து முகத்தில் விழும். வெயில் பட்ட கட்டியில் அலகு சர்க்கரைக்குள் போவதுபோல் போய், இழுத்தால் வந்துவிடும். பின்னால் நீர் ஓடும் ஓசை கேட்டால், கட்டி பாறையிலிருந்து பிரிந்து நிற்கிறது என்று பொருள். இறங்கிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பிக்கு டிராக்கன்ஸ்பர்க் வேண்டாம் என்று எழுதியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அந்த மலைத்தொடரின் அடிப்பகுதி மணற்கல். மேலே நிற்கும் பெருஞ்சுவர் முழுவதும் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, அதாவது பசால்ட். தொலைவிலிருந்து பார்க்கக் கோட்டைச் சுவர் போலத் தோன்றும். கைக்கு எட்டும் தூரத்தில் பார்த்தால் பழைய வீட்டின் காரை போலப் பெயர்ந்து கிடக்கும். ஒருமுறை ஓர் எளிய இடுக்கில், கயிறுகூட வேண்டாம் என்று நினைத்த இடத்தில், தட்டிப் பார்க்காமல் ஒரு பிடியை இழுத்தேன். அம்மிக்கல் அளவுள்ள கல், மேசை இழுப்பறை திறப்பதுபோல் ஓசையில்லாமல் மார்பை நோக்கி வந்தது. அதன் பின்னால் ஈரமண்ணும் சிறு புல்லும் இருந்ததைப் பார்க்கும் அளவுக்கு நேரம் இருந்தது. தோளால் அணைத்து, வந்த வழியே உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கீழே இருந்த இருவரையும் ஒதுங்கச் சொல்லிய பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. டெவில்ஸ் டூத் என்னும் கூர்முனையில் 1950 வரை மனிதர் கால் படவில்லை என்பதற்கு அதன் செங்குத்து மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

புறப்படும் முன் பூங்கா அலுவலகத்தில் மலைப் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதிவிட்டுப் போங்கள். தேட வருபவர்களுக்கு அதுதான் முதல் தடயம். சானி கணவாயின் உச்சியைக் கடந்தால் லெசோத்தோ என்பதால் கடவுச்சீட்டு தேவை. எல்லைச் சாவடி மாலையில் மூடப்படும். குகைகளில் சான் மக்கள் தீட்டிய ஓவியங்கள் இருந்தால் அங்கே தங்கவோ, சுவரில் கை வைக்கவோ வேண்டாம். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த மலையை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்ததில் இயற்கைக்கு எவ்வளவு பங்கோ, அந்த ஓவியங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

*வேலைக்காகக் கேப் டவுன் வந்து ஆறு மாதம் ஆகிறது. டேபிள் மலையில் கேபிள் காருக்குக் கீழே ஆட்கள் பாறையில் தொங்குவதைப் பார்க்கிறேன். ஏறிவிட்டு கேபிள் காரிலேயே இறங்கிவிடலாம் அல்லவா?*
— வாசகர், கேப் டவுன்

இறங்கலாம், காற்று அனுமதித்தால். 1929 முதல் ஓடும் அந்த வண்டி, காற்று பலமானால் நின்றுவிடும். தென்கிழக்குக் காற்று எழுந்து, மலைமேல் வெண்மேக விரிப்புப் போர்த்தும் நாளில், காலையில் தெளிவாக இருந்த உச்சி நண்பகலில் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாத ஈரப்புகைக்குள் போய்விடும். ஆகவே பிளாட்டக்லிப் இடுக்கு வழியாக நடந்து இறங்கும் பாதையை, ஏறுவதற்கு முன்பே ஒரு நாள் நடந்து பழகிக்கொள்ளுங்கள். 1503இல் அந்தோனியோ தெ சல்தானா என்னும் போர்த்துக்கீசியர் ஏறியதாகப் பதிவாகியிருப்பதும் அந்த இடுக்கு வழியாகத்தான். நெற்றி விளக்கு பையில் இருக்கட்டும்.

நீங்கள் பார்த்தது ஆப்பிரிக்கா முகப்பு எனப்படும் பாறைப்பகுதியாக இருக்கும். ஆரோ ஃபைனல் போன்ற எளிய வழிகளும் அங்கே உண்டு. எளியவை என்றாலும் காலுக்குக் கீழே நகரம் முழுவதும் விரிந்து கிடக்கும். கல்லைப் பொறுத்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி. 1086 மீட்டர் உயர மலையின் மேற்பகுதி முழுவதும் கடினமான மணற்கல். கிடையாக ஓடும் வெடிப்புகள் படி அமைத்ததுபோல் பிடி தரும். மேலே நான் பசால்ட்டைப் பற்றி எழுதிய வசைகளில் எதுவும் இதற்குப் பொருந்தாது.

பருவத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கள் நட்டாலில் குளிர்காலம் வறண்டது. உங்களுக்கு அதுதான் மழைக்காலம். எங்களுக்குக் கோடையில் பிற்பகல்தோறும் இடி விழும்; உங்களுக்கு அப்போதுதான் பாறை காய்ந்திருக்கும். டர்பன் உறவினர் சொல்லும் மாதத்தைக் கேட்டுக்கொண்டு கேப்பில் ஏறப் போனால் நனைந்துதான் வருவீர்கள்.

*எங்கள் ஊருக்கு வடக்கே மார்கன் பேயில் கடலுக்கு நேர்மேலே பாறை ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கடல் பாறைக்குத் தனியாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?*
— வாசகர், ஈஸ்ட் லண்டன்

முதலில், வழி தலைகீழானது. மலையில் ஏறிவிட்டு இறங்குகிறோம். கடல் பாறையில் மேலிருந்து கயிறு வழியாக இறங்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கிக் கயிற்றையும் இழுத்துவிட்டால், முன்னால் பாறை, பின்னால் அலை. ஆகவே தொடக்கத்தில், இறங்கிய கயிற்றை மேலேயே கட்டி விட்டுவையுங்கள். ஏற முடியாமல் போனால் புருசிக் முடிச்சுகள் போட்டு அந்தக் கயிற்றிலேயே மேலேறித் தப்பலாம். கார்ல் புருசிக் 1931இல் அறிமுகப்படுத்திய அந்த முடிச்சு, பாரம் விழுந்தால் இறுகும், பாரம் எடுத்தால் நகரும். அதைத் தரையில் பழகாதவர்கள் கடலுக்கு இறங்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

அடுத்தது, நீர்மட்டம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இதற்கு மிகவும் உதவும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். அட்டமி ஒட்டிய நாட்களில் குறைவு. ஏற்றம் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வருவதால், நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்கு உலர்ந்து கிடந்த மேடை இன்று பத்து மணிக்கு அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். மணி நேரங்களுக்குத் துறைமுக அட்டவணையைப் பாருங்கள். அட்டவணை அலையின் உயரத்தைச் சொல்லாது என்பதால், இறங்கும் முன் மேலே உட்கார்ந்து அரைமணி நேரம் கடலைப் பாருங்கள். எங்கோ தெற்கே அடித்த புயலின் பேரலை, இங்கே வெயில் காயும் நாளிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மற்றவற்றைவிட இரு மடங்கு உயரமாக வந்து மோதலாம். அந்த ஓர் அலைக்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

மார்கன் பே பாறை டொலரைட். நிலத்துக்கடியில் மெல்லக் குளிர்ந்து இறுகிய எரிமலைக் குழம்பு என்பதால் டிராக்கன்ஸ்பர்க் பசால்ட்டின் உறவினன், ஆனால் குணத்தில் நேர்மாறு: நெருக்கமானது, கடினமானது, நேரான பிளவுகள் கொண்டது. நட்டும் கேமும் நன்றாக உட்காரும். ஈரத்திலும் உப்புப் படிவிலும் வழுக்கும். அலை தொடும் உயரத்துக்கு மேலே போகும்வரை காலை நம்பாதீர்கள். யாரோ எப்போதோ விட்டுப்போன துருப்பிடித்த ஆணி கண்ணில் பட்டால் கண்டும் காணாததுபோல் போய்விடுங்கள். கடற்காற்றில் எஃகு உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். வெளியே பளபளப்பாக இருந்த துருவேறா எஃகு போல்ட்டுகளே, கடலோரப் பாறைகளில் கையால் ஒடியும் நிலைக்கு வந்ததுண்டு. வீட்டுக்கு வந்ததும் உங்கள் கருவிகள் அனைத்தையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நான் ஒருமுறை சோம்பலில் விட்டுவைத்த கேம்களின் வில்விசை, ஒரு மாதத்தில் வெண்பொடி பூத்து மடங்க மறுத்துவிட்டது.

*காவடிக்கு வெறுங்காலோடுதான் நடக்கிறோம். பாறையும் வெறுங்காலோடு ஏறினால் என்ன?*
— வாசகர், டொங்காட்

ஏறலாம், ஏறியவர்களும் உண்டு. ஆனால் பாறைக்கென்று செய்த ரப்பர் காலணி, நெல்மணி அளவு விளிம்பிலும் நிற்கும். பாதத்தின் தோல் அப்படி நிற்காது. அந்தக் காலணியை விரல்கள் மடங்கும் அளவுக்கு இறுக்கமாகப் போட வேண்டும் என்பதால், வேண்டுதலில் வரும் வலியில் ஒரு பங்கு தானாகவே கிடைத்துவிடும்.

*மலையில் துளையிட்டு போல்ட் அடிப்பது மலையைக் காயப்படுத்துவது ஆகாதா? என் தாத்தா மலையைக் கும்பிடும் ஆள். எங்கள் பக்கம் நல்ல பாறை எங்கே இருக்கிறது?*
— வாசகி, லெனேசியா

இந்தச் சண்டை ஏறுநர்களுக்குள்ளேயே பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. தென்னாப்பிரிக்காவில் அது ஓரளவு இடத்துக்கு இடம் தீர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. உங்களுக்குக் கிழக்கே சில மணி நேரத் தொலைவில் உள்ள வாட்டர்வல் போவென் பாறைகளில் நூற்றுக்கணக்கான வழிகளில் போல்ட் அடித்திருக்கிறார்கள். புதியவர்கள் விழுந்து விழுந்து பழக ஏற்ற இடம். உங்கள் வீட்டுக்கு நெருக்கமான மகாலீஸ்பர்க் மலையில் தொன்குவானி போன்ற பள்ளங்கள் தென்னாப்பிரிக்க மலையேற்றச் சங்கத்தின் சொந்த நிலம். அங்கே போல்ட் கிடையாது, வைத்த நட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் குவார்ட்சைட் கல்லின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். முன் அனுமதி பெற்றுத்தான் போக முடியும்.

என் சார்பைக் கேட்டால்: பிளவு இருக்கும் இடத்தில் போல்ட் அடிப்பது, படிக்கட்டு இருக்கும் வீட்டில் சுவரை இடித்து ஏணி வைப்பது போன்றது. பிளவே இல்லாத வழவழப்பான முகப்பில், நில உரிமையாளரும் அங்கே ஏறுபவர்களும் ஒப்புக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. உங்கள் தாத்தா எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியும்; அவரைத் தொன்குவானிக்கு அழைத்துப் போங்கள்.

*1860 முதல் இந்த நாட்டில் இருக்கிறோம். கண்ணெதிரே இவ்வளவு மலை இருந்தும் நம் ஆட்கள் ஏன் ஏறவில்லை?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வெருலம்

ஐயா, கரும்புக் காட்டில் வாரம் ஆறு நாள் வெட்டியவருக்கு ஏழாம் நாள் மலை ஏறத் தோன்றியிருக்காது. பிறகு ஓய்வு நேரம் கிடைத்த தலைமுறைக்குச் சட்டம் குறுக்கே நின்றது. 1953இல் வந்து 1990இல்தான் நீக்கப்பட்ட தனி வசதிகள் சட்டம், கடற்கரையையும் பூங்காவையும் ஓய்விடங்களையும் நிறம் பார்த்துப் பிரித்தது. மலையேற்றச் சங்கம் கேப் டவுனில் தொடங்கியது 1891இல். அதாவது ஒரு சாராருக்கு இந்தக் கலை தந்தை, மகன், பேரன் என்று கைமாறி வர நூறாண்டு கிடைத்தது. பாறையேற்றம் புத்தகத்தால் பரவுவதில்லை. தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவரைக் கூட்டிப்போனால்தான் பரவும். நம் வீடுகளில் கூட்டிப்போக ஆள் இல்லை. இப்போது மான்டிசீலில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குரல் கேட்கிறது. பெரும்பாலும் “கயிறை விடாதே” என்றுதான் கேட்கிறது.

*பெண்களுக்குத் தோள்வலு குறைவு, இது அவர்களுக்கு ஆகாது என்கிறான் என் அண்ணன்.*
— வாசகி, ஸ்டாங்கர்

மேலே முடிச்சு கட்ட மறந்த லின் ஹில்லைச் சொன்னேன் அல்லவா? அமெரிக்காவின் எல் காப்பிட்டன் பாறையில் நோஸ் எனப்படும் ஏறத்தாழ 900 மீட்டர் வழியை, கருவியைப் பிடித்துத் தொங்காமல், கைகால்களால் மட்டுமே 1993இல் முதன்முதலில் ஏறி முடித்தவர் அவர்தான். ஆண்கள் அதன்பிறகுதான் ஏறினார்கள். நம் நாட்டின் கேத்தி ஓ’டவுட் 1996இல் தெற்கிலிருந்தும் 1999இல் வடக்கிலிருந்தும் எவரெஸ்ட் ஏறி, இரு பக்கமும் ஏறிய முதல் பெண் ஆனார். பாறையில் உடலைத் தூக்குவது கால். கை பெரும்பாலும் சமநிலைக்குத்தான். இதை அறியாமல் கையாலேயே இழுத்து ஏறுபவர்கள், என் அனுபவத்தில், பெரும்பாலும் அண்ணன்மார்களே. அவரையும் ஒருநாள் கூட்டிப்போங்கள்.

*எனக்கு 14 வயது. அம்மா இன்னும் பாறைக்கு விடவில்லை. வீட்டிலேயே ஏதாவது பழக முடியுமா?*
— மாணவி, ஷால்கிராஸ்

முடியும். துணிக்கொடிக் கயிறு போன்ற பழைய கயிறு மூன்று மீட்டர் எடுத்துக்கொள். நாற்காலிக் காலை உன் இடுப்புப் பட்டை என்று வைத்துக்கொண்டு, அதில் எட்டு முடிச்சைக் கட்டு: முதலில் கயிற்றில் ஓர் எட்டு, பிறகு நுனியை நாற்காலிக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே எட்டின் தடத்தைப் பின்பற்றித் திரும்பக் கோக்க வேண்டும். சரியாகக் கட்டினால் இரட்டை இரட்டையாக ஐந்து சோடி இழைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகத் தெரியும், எண்ணிப் பார். நுனியில் ஒரு சாண் நீளமாவது மிச்சம் இருக்க வேண்டும். அது கைவந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டு. பிறகு அம்மாவின் தோட்டக் கையுறையைப் போட்டுக்கொண்டு கட்டு. கடைசியாக, யாராவது உன்னிடம் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும்போது கட்டு. அதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதற்குப் பிறகு எனக்கு எழுது, அம்மாவுக்கு நானே ஒரு கடிதம் போடுகிறேன்.